சுண்டை வேரில் வழுதலங்காய்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உன் தொழிலைப் பற்றி மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசணும்" என்றார். நான் கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். பம்பைப் பற்றிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். "கத்தரிச் செடியைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். "நீ மெக்கானிக்கல்தானே?" என்று கேட்டார். மெக்கானிக்கல்தான். அதனால்தான் இந்தச் செடி எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

என் ஊர் நெய்யூர். வெளியூர்க்காரர்களுக்கு நெய்யூர் என்றால் ஆஸ்பத்திரி. 1838-இல் மருத்துவப் பணி தொடங்கிய ஊர். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன டாக்டர் சாமர்வெல் வருஷக்கணக்கில் கத்தி பிடித்த இடம். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைக்கும் ஆப்பரேஷனில் அவர் பெயர் வாங்கியவர். அவரை எதற்கு இங்கே இழுக்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

ஊரில் எங்களுக்கு இருபது சென்ட் நிலம். பாட்டா வழியில் வந்தது. அப்பா போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அந்த இருபது சென்ட்தான் அவருக்கு டூட்டி. வழுதலை, மிளகு, கொஞ்சம் தக்காளி, ஓரத்தில் மரச்சீனி. கிழக்கேயிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், வழுதலை என்றால் கத்தரி. மிளகு என்று நாங்கள் சொல்வது மிளகாய். அப்பாவின் வழுதலை நீளமாக, இளம்பச்சையாக இருக்கும். வருஷா வருஷம் முற்றிய காயில் விதை எடுத்து, சாம்பல் புரட்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருப்பார். திங்கள்சந்தையில் அந்தக் காய்க்கென்றே கேட்டு வாங்குகிற ஆட்கள் இருந்தார்கள்.

2020-இல் ஊரடங்கு வந்தது. கம்பெனி எங்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. கல்லூரி முடித்த பிறகு முதல் தடவையாக நெய்யூரில் சேர்ந்தாற்போல் ஆறு மாதம் இருந்தேன். அப்போதுதான் அப்பா போனில் என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த சங்கதி தெரிந்தது. மூன்று வருஷமாக வழுதலை தேறவில்லை. பூத்து, முதல் பறிப்பு வருகிற சமயத்தில் செடி வாடுகிறது. காலையில் நன்றாக நிற்கும். மத்தியானம் நுனி தொங்கும். சாயங்காலம் கொஞ்சம் தெளியும். மூன்றாம் நாள் ஆள் காலி. இலை பழுப்பதில்லை, புள்ளி விழுவதில்லை. பச்சையாக இருக்கும்போதே செத்துப் போகிறது. தக்காளி அதைவிடச் சீக்கிரம். இடவப்பாதி மழை விட்டு வெயில் அடித்தால் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடக்கும்.

கடையில் என்னென்னவோ மருந்து வாங்கி வேரில் ஊற்றியிருக்கிறார். அந்த வருஷமும் அப்படியே ஆனது. ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மண்ணு செத்துப் போச்சு மக்கா. ஒரு ஆளு பிளாட்டுக்குக் கேக்கான். குடுத்திரலாமாக்கும்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு தோன்றியிருக்காது. கடைசி டிரிப் முடிந்து கணக்கு ஒப்படைக்கிறவர் மாதிரி சொன்னார்.

நான் உடனே "விற்க வேண்டாம்" என்று வீரமாகச் சொல்லவில்லை. "ஒரு வருஷம் பொறுங்க" என்றேன்.

திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே எளிமையான ஒரு சோதனை சொல்லித் தந்தார்கள். வாடின செடியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டுவாய் தண்ணீரில் முங்குகிற மாதிரி தொங்க விட வேண்டும். வீட்டுக்கு வந்து செய்தேன். சில நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஒரு வெள்ளை நூல் நேராகக் கீழே இறங்கியது. அப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று வருஷமாகத் தோட்டத்தை அழித்த ஆளை அன்றுதான் இரண்டு பேரும் நேரில் பார்த்தோம்.

அது பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்கிற பாக்டீரியா. அமெரிக்காவில் எர்வின் ஸ்மித் என்ற விஞ்ஞானி 1896-லேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பிடிக்கும். வெப்பமும் ஈரமும் புளிப்பு மண்ணும் அதற்குச் சௌகரியம். கேரளத்திலும் நம் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்பாறை மண்ணிலும் அந்த மூன்றும் உண்டு. மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்கும். பக்கத்து வயலிலிருந்து ஓடி வரும் தண்ணீரிலும், மண்வெட்டியில் ஒட்டின மண்ணிலும் வரும். வேரில் ஒரு சின்னக் காயம் போதும், உள்ளே நுழைந்துவிடும்.

இனி என் தொழில். செடியில் பம்பு எங்கே இருக்கிறது? வேரில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் இலையில் இருக்கிறது. இலையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகப் போக, கீழேயிருந்து தண்ணீர் மேலே இழுபடுகிறது. தண்டுக்குள் சைலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான் குழாய். இந்தப் பாக்டீரியா குழாய்க்குள் புகுந்து பெருகி, வழவழவென்று ஒரு பசையைச் சுரந்து அடைத்துவிடுகிறது. டம்ளரில் இறங்கின வெள்ளை நூல் அந்தப் பசையும் பாக்டீரியாவும்தான். பம்பு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது, லைன் அடைத்துக்கொண்டது. அதனால்தான் வெயில் ஏறினதும் வாடுகிறது, வெயில் தாழ்ந்தால் தெளிகிறது. நோய் குழாய்க்குள் இருக்கும்போது இலைமேல் எதைத் தெளித்து என்ன?

அப்படியானால் என்ன வழி? ஒன்று, சில வருஷம் அந்த இனப் பயிரே போடாமல் வாழையோ மரச்சீனியோ வைப்பது. இன்னொன்று, நோய் தாங்கும் ரகம். வெள்ளானிக்கரையிலுள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த வாடலுக்கென்றே ரகங்கள் கொடுத்திருக்கிறது. கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. நல்ல ரகங்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அதுல நம்ம காய் வருமா?" வராது. வேறு காய்தான் வரும். புதிதாக ஒரு ரகத்தை உண்டாக்கி, அதில் அப்பாவின் காயையும் கொண்டுவர வேண்டுமென்றால் அது பல வருஷ வேலை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த அந்த ஒரு கைப்பிடி விதைக்காக எந்த ஆராய்ச்சி நிலையமும் அவ்வளவு மெனக்கெடாது.

விடை எங்கள் வேலியிலேயே நின்றுகொண்டிருந்தது. செத்த வரிசைக்கு மூன்றடி தள்ளி ஒரு சுண்டைச் செடி. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. பறவை போட்ட விதை. ஆள் உயரத்துக்கு நின்று கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. அம்மா வற்றல் போடுவாள். கத்தரியும் சுண்டையும் ஒரே பேரினம், சொலானம். அதே மண், அதே மழை, அதே பாக்டீரியா. அதன் வேர் மட்டும் அசையவில்லை. அப்படியானால் வேர் சுண்டையுடையது, தலை அப்பாவின் வழுதலை என்று ஒரு செடி செய்ய முடியுமா?

முடியும். உலகத்தில் இது பழைய சங்கதி, எனக்குத்தான் புதிது. ஒட்டு மாம்பழம் சாப்பிடாதவர் இங்கே யாரும் இல்லை. நம் மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் நிற்பதெல்லாம் பட்டிங் கன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரைத் தின்னும் ஒரு பூச்சியால் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் அழிந்தபோது, அமெரிக்கத் திராட்சையின் வேர்மேல் ஒட்டித்தான் மீட்டார்கள். மரத்துக்கும் கொடிக்கும் செய்த இதை நான்கு மாதப் பயிரான காய்கறிக்குச் செய்தது ஜப்பானில், 1920-களில். தர்பூசணி வாடல் நோயில் போனபோது அதைப் பூசணி வேரில் ஒட்டினார்கள். பிறகு சுரை வேரில். இன்று ஜப்பானிலும் கொரியாவிலும் தர்பூசணியில் பெரும்பகுதி ஒட்டுச் செடியில் காய்ப்பதுதான். மண்ணைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்பட்ட மீதைல் புரோமைடு வாயுவை, ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரீல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-க்குள் பெரும்பாலும் நிறுத்த வேண்டி வந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒட்டுக் காய்கறி பக்கம் திரும்பினதற்கு அது ஒரு பெரிய காரணம்.

நமக்கு நெருங்கின உதாரணம் தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம். மழைக்காலத்தில் தக்காளி வாடலிலும் தண்ணீர் தேக்கத்திலும் போகிறது என்று அவர்கள் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டினார்கள். தக்காளி வேர் வெள்ளத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும். கத்தரி வேர் சில நாள் தாக்குப் பிடிக்கும். 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வியட்நாமில் டா லாட் நகரத்தைச் சுற்றியுள்ள லாம் டோங் மாகாணத்தில் தக்காளி என்றாலே ஒட்டுத் தக்காளி என்று ஆகிவிட்டது. நம் நாட்டில் சத்தீஸ்கர் விவசாயிகள் ஒட்டுக் கத்தரி நாற்றை விலைக்கு வாங்கி நடுகிறார்கள். வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் ஒரே வேரில் கத்தரியும் தக்காளியும் காய்க்கும்படி செய்து அதற்குப் 'பிரிமாட்டோ' என்று பெயர் வைத்தது. பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. மொட்டை மாடித் தோட்டத்துக்கு அது அழகு. இருபது சென்ட்டில் பிழைக்கிறவனுக்கு ஒரு காய் ஒழுங்காகக் காய்த்தால் போதும் என்பது என் கட்சி.

வேலையில் இறங்கினேன். முதல் சிக்கல் சுண்டை விதை. லேசில் முளைக்காது, முளைத்தாலும் ஒன்று இன்றைக்கு, ஒன்று பத்து நாள் கழித்து. ஜிப்பரெல்லிக் அமிலத்தில் ஊறவைத்தால் பரவாயில்லை. முளைத்த பிறகும் நத்தை வேகம். வழுதலைக்கு ஒரு மாதத்துக்கு மேல் முந்தியே விதைத்தால்தான் இரண்டு தண்டும் ஒரே கனத்துக்கு வரும். கனம் ஒத்துவரவில்லை என்றால் இணைப்பு நிற்காது. இது கப்ளிங் பாடம், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டுவதை எனக்குச் சொல்லித் தந்தது எங்கள் பக்கத்து வீட்டு மாமா. முப்பது வருஷம் ரப்பர் பட்டிங் செய்த கை. "ஒரே இழுப்பு. ரெண்டாவது இழுத்தா அது முறிவு, வெட்டு இல்ல" என்பார். ரப்பரில் தண்டு பென்சில் கனம், இதில் தீக்குச்சி கனம். பட்டிங் கத்திக்கு இங்கே வேலையில்லை, சவர பிளேடுதான். சுண்டை நாற்றின் தலையைச் சீவிவிட்டு, நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளக்க வேண்டும். வழுதலை நாற்றின் மேல்பாகத்தை எடுத்து, பெரிய இலைகளை நறுக்கி, அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவிப் பிளவில் சொருக வேண்டும். பிடித்து நிறுத்த வெளிநாட்டில் சிலிக்கான் கிளிப் வைத்திருக்கிறார்கள். நான் முதலில் போட்டது சைக்கிள் வால்வு டியூப். சின்ன வளையமாக வெட்டி ஒரு பக்கம் பிளந்துவிட்டால் அழகாகக் கவ்வும்.

முதல் தடவை ஐம்பது ஒட்டினேன். பெருமையாக வரிசையாக வைத்து, வேருக்கு நிறையத் தண்ணீர் விட்டு, பூசணம் வரக்கூடாதென்று டேபிள் ஃபேன் வேறு போட்டேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறு போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா, "எஞ்சினியருக்கும் இந்த மண்ணு ஒத்துக்கிடல்ல" என்றார்.

அன்றிரவு யோசித்தபோதுதான் என் தொழிலே எனக்கு உறைத்தது. நான் லைனை அறுத்து இணைத்திருக்கிறேன். இணைப்பு சேருகிற வரை கீழேயிருந்து தண்ணீர் வராது. வேரில் எவ்வளவு ஊற்றினாலும் மேலே போகாது. ஆனால் மேலே பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அது போதாதென்று ஃபேன் போட்டு அதன் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன்! லைனில் வேலை பார்க்கும்போது முதலில் என்ன செய்வோம்? பம்பை நிறுத்துவோம். இலை என்கிற பம்பை எப்படி நிறுத்துவது? சுற்றியிருக்கிற காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இலையிலிருந்து ஆவி போகாது. இருட்டில் வைத்தால் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் ரகசியம். நெய்யூர் ஆஸ்பத்திரியில் பாட்டா காலத்து ஆட்கள் சொல்வார்களாம், டாக்டர் வெட்டித் தைப்பது ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு நர்சம்மா கண்விழிக்கிற வாரம்தான் ஆளைப் பிழைக்க வைக்கும் என்று. சாமர்வெல்லை இதற்குத்தான் கூப்பிட்டேன்.

பிலாமர நிழலில் மூங்கில் சட்டம் கட்டி, பாலிதீன் ஷீட் போர்த்தி, மேலே கறுப்புத் துணி போட்டு ஒரு பெட்டி செய்தேன். தரையில் செங்கல் பரப்பி, மணல் போட்டு நனைத்தேன். உள்ளே ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல், வெப்பம் 25-லிருந்து 30 டிகிரிக்குள். அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இரண்டு சாதாரணத் தெர்மாமீட்டர். ஒன்றின் குமிழில் அப்பாவின் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனைத்து வைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் ஈரம் போதும். மூன்றாம் செமஸ்டரில் இந்தச் சோதனையைச் செய்யாமலே ரெக்கார்டில் ரீடிங் எழுதினவன் நான். சார் முன்வரிசையில் இருக்கிறார், மன்னிக்க வேண்டும்.

இரண்டாம் தடவையும் பாதி போனது. இந்த முறை எதிர்த்திசையில் தப்பு. ஈரம் வேண்டுமென்று நான் உள்ளே தெளித்துக்கொண்டே இருந்ததால் தண்ணீர் வெட்டுவாயில் இறங்கி அழுகிவிட்டது. காற்றில் ஈரம் வேண்டும், காயத்தில் தண்ணீர் கூடாது. மூன்றாம் தடவை முதல் மூன்று நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை. நான்காம் நாள் காலையிலும் மாலையிலும் பத்து நிமிஷம் திறந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம். ஒரு வாரத்தில் வெட்டின இடத்தில் புதுத் திசு வளர்ந்து, இரண்டு பக்கத்துக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எட்டாம் நாள் வெளியே எடுத்து வெயிலடியில் ஒன்றை வைத்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அது தலை நிமிர்ந்து நின்றது. நான் ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

அதன்பின் என் கையைவிட நல்ல கை கிடைத்தது. என் சித்தி தோவாளைக்காரி. சின்ன வயதிலிருந்தே பூக்கட்டுகிற விரல். நான் ஒரு நாற்று ஒட்டுவதற்குள் அவள் நாலு ஒட்டுவாள், பேசிக்கொண்டே. ஜப்பானில் 1990-களிலேயே ஒட்டுக் கட்டும் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. எனக்கும் ஒன்று டிசைன் செய்யும் ஆசை இருந்தது. சித்தி வேலை செய்வதைப் பார்த்த பிறகு அந்த ஆசையைத் தள்ளிப் போட்டேன்.

2021-இல் நடவு. அப்பா எல்லாவற்றையும் ஒட்டுக் கன்றாகவே வைக்கச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வரிசை ஒட்டுக் கன்று, ஒரு வரிசை சாதாக் கன்று, மாற்றி மாற்றி; வகைக்கு அறுபது. ஒப்பிட ஒன்று இல்லாமல் சோதனை இல்லை என்று இந்தக் கல்லூரியில்தான் படித்தேன். சாதாக் கன்றில் முப்பத்தெட்டு வாடிப் போனது. ஒட்டுக் கன்றில் ஐந்து போனது. இது ஒரு தோட்டத்தின் ஒரு பட்டக் கணக்கு, அதற்கு மேல் இதை நீட்ட மாட்டேன்.

ஆனால் அந்த ஐந்து ஏன் போனது என்று தோண்டிப் பார்த்தோம். நாலு கன்றில் ஒட்டுவாய் மண்ணுக்குள் புதைந்திருந்தது. அப்பா பழக்க தோஷத்தில் ஆழமாக நட்டுவிட்டார். வழுதலைத் தண்டு மண்ணைத் தொட்டதும் தன் சொந்த வேரை விட்டிருக்கிறது. அந்த வேர் வழியாகப் பழைய எதிரி உள்ளே வந்துவிட்டது. ஒட்டு நாற்று நடுகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. ஒட்டுவாய் மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கட்டும். மண் அணைக்கும்போதும் கவனம் வேண்டும். கீழே சுண்டைத் தளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது தலையெடுத்து, வழுதலைக்குப் பதில் வற்றல்தான் கிடைக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது சர்வரோக நிவாரணி இல்லை. சுண்டை வேர் வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் பெரும்பாலும் தாங்கும். தண்டையும் காயையும் துளைக்கிற புழுவுக்கு வேர் எது என்று கவலையில்லை. எங்கள் காயிலும் புழு இருந்தது. தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோயும் வந்தது. செலவும் அதிகம். சாதா நாற்று ஒன்று ஒரு ரூபாய்க்கு ஆகுமென்றால், என் கணக்கில் ஒட்டு நாற்று எட்டு ரூபாய்க்குக் குறையவில்லை. வாடல் இல்லாத மண்ணில் இந்தச் செலவு வீண் என்பதே என் கருத்து. டம்ளர் சோதனையை முதலில் செய்து பார்த்துவிட்டுக் காசைப் போடுங்கள்.

இன்னொன்று, மாணவர்கள் ஆர்வத்தில் கிடைத்த வேரிலெல்லாம் ஒட்டிப் பார்க்காதீர்கள். ஊமத்தையும் தக்காளி குடும்பம்தான், நன்றாக ஒட்டும். 1960-களில் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஊமத்தை வேரில் ஒட்டின தக்காளியைச் சாப்பிட்டு ஒரு குடும்பம் விஷத்தில் விழுந்தது. ஊமத்தையின் நஞ்சு வேரில் உண்டாகி மேலே ஏறுகிறது. குழாய் சேர்ந்துவிட்டால் தண்ணீர் மட்டும்தான் போகும் என்று நினைக்கக் கூடாது. சுண்டை நாம் சாப்பிடுகிற காய், கத்தரியும் அப்படியே. அந்த எல்லைக்குள் நில்லுங்கள்.

நிலம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பாதி விற்றுவிட்டோம். தங்கை கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. அதை வழுதலங்காய் கொடுக்க முடியாது. மீதிப் பத்து சென்ட் இருக்கிறது. பிளாட்டுக்காரர் இன்னும் அவ்வப்போது வந்து கேட்கிறார். அப்பா அவருக்குக் கட்டஞ்சாயா கொடுத்து, காயும் கொடுத்து அனுப்புகிறார். பதில் மட்டும் கொடுப்பதில்லை. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் நாற்று கேட்டார்கள். சித்தி ஒரு நாற்றுக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்கிறாள். என்னிடம் கேட்காமலே விலையை ஏற்றியும் விட்டாள்.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதை மாணவர்களிடம் ஒப்படைக்கத்தான் வந்தேன். பங்குனி, சித்திரையில் அந்தப் பெட்டி சூடாகிவிடுகிறது. பிலாமர நிழலிலும் உள்ளே 36 டிகிரி வரை போனதைப் பார்த்திருக்கிறேன். திறந்தால் ஈரம் போகும், மூடினால் வெந்துவிடும். ஏசி போட்டால் காற்றை உலர்த்திவிடும், கரண்ட் பில்லும் கட்ட முடியாது. சித்தி மாதிரி ஒருத்தர் வாங்கக்கூடிய விலையில், இருநூறு நாற்று கொள்ளும்படி, நம் ஊர்க் கோடையில் முப்பது டிகிரிக்குள்ளும் தொண்ணூறு சதவீத ஈரத்துக்கு மேலும் ஒரு வாரம் நிற்கிற பெட்டி வேண்டும். இரட்டைச் சுவர் வைத்து இடையில் ஈர மணல் போடலாமா, பூமிக்குள் பாதி இறக்கலாமா, இரவுக் குளிர்ச்சியைத் தண்ணீர்க் குடங்களில் சேமிக்கலாமா என்றெல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்றையும் முடித்துப் பார்க்க எனக்கு லீவு கிடைக்கவில்லை. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி வெளியூரில் காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் எங்கள் காலத்திலேயே உண்டு. அந்தக் காசில் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கலாம்.

வருகிறவர்கள் இரணியல் ஸ்டேஷனில் இறங்கினாலும் சரி, திங்கள்சந்தைக்குப் பஸ்ஸில் வந்தாலும் சரி. எனக்கு முந்தின நாள் ஒரு போன் போடுங்கள், அப்பாவிடம் சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தியும் இருப்பாள். பிளேடு நீங்களே கொண்டு வாருங்கள், புதுசாக இருக்கட்டும். அவள் பிளேடை யாருக்கும் தர மாட்டாள்.